பிஸ்டனுக்கு நான் விட்ட இடைவெளி

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின் வேலை மட்டும்தான் செய்வேன். இருபத்தாறு வருடமாக அதே இடம். கோட்டையைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் பழைய வண்டிகளில் கூட்டமாக வருவார்கள். அவர்கள் ராஜகிரி ஏறி இறங்கி வருவதற்குள் வண்டி வெயிலில் காய்ந்து போய் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். டிக்கெட் கவுண்டரில் கேட்டால் என் கடையைக் காட்டிவிடுவார்கள். அப்படித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் மூலமாக எனக்கு ஒரு பேர் உண்டானது. நான் கை வைத்த இன்ஜினில் தேவையில்லாத சத்தம் இருக்காது என்று பேர். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பழியைப் பேர் மேல் போட்டதாகிவிடும்.

எனக்கு ஒரே தங்கை. சிங்கவரத்தில் கட்டிக் கொடுத்தோம். அந்த ஊர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை அவளுக்கு. குரல் பெரிது. அவள் 'சாப்பிட வாங்கடா' என்று கூப்பிட்டால் பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்து வாடகைக்கும் ஓட்டுவார். என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர்களுக்கு ஒரே மகள், சென்னையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குப் பழைய வண்டி என்றால் உயிர். ஆரணியில் ஒருவரிடமிருந்து அவர் வாங்கி வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி, அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது. சிலிண்டர் வார்ப்பு இரும்பு. அதைச் சுற்றித் தட்டுத் தட்டாக அடுக்கிய ஃபின்கள். தண்ணீர் இல்லை, விசிறி இல்லை. வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்று அந்தத் தட்டுகளுக்கு நடுவே புகுந்து போனால்தான் இன்ஜினுக்குக் குளிர்ச்சி. காற்று நின்றால் சூடு உள்ளேயே தங்கும்.

அந்த இன்ஜினை முதல் தடவை நான் செய்து கொடுத்தபோது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஐந்து தௌ இடைவெளி விட்டிருந்தேன். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு தௌ. தலைமுடியின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான இடம் என்று வைத்துக்கொள்ளலாம். எதற்கு அந்த இடம் என்றால், பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடு ஏறும்போது அலுமினியம் இரும்பைவிட வேகமாக உப்பும். உப்புவதற்கு இடம் விடவில்லை என்றால் ஓட்டத்தின் நடுவில் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். இடம் விட்டால் காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது பிஸ்டன் சுவரில் மோதி டக் டக்கென்று தட்டும். ஒரு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் அந்தத் தட்டல் அடங்கிவிடும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் விளக்கினேன்.

"சூடாச்சின்னா சரியா பூடும் மாப்ள. தட்டுதுன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியும் மச்சான். பாக்கறவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார் அவர்.

ஒரு கல்யாணத்தில் அது நடந்தது. சாப்பாடு முடிந்து மண்டபத்து வாசலில் நாங்கள் பத்துப் பேர் நின்றிருந்தோம். மாப்பிள்ளை வண்டியை உதைத்தார். அது வழக்கம்போலத் தட்டிக்கொண்டு கிளம்பியது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர், புது வண்டி வைத்திருப்பவர், எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னாய்யா இது, செஞ்சியில பெரிய மெக்கானிக் உன் மச்சான்னு சொல்றாங்க, வண்டி கல்லு ஒடைக்கிற மிஷினு மாதிரி கத்துது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடவே சிரித்தார். நானும் சிரித்ததுபோலத்தான் நின்றேன். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஒரு ஆள் இதைப் போய் மனதில் வைத்துக்கொள்வானா என்று கேட்கலாம். வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. சிலிண்டர் தேய்ந்திருந்தது. கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். பழைய அளவு பிஸ்டன்கள் இப்போது கிடைப்பதில்லை. கிடைத்தது வேறு மாதிரியானது, கொஞ்சம் கனமானது. பழைய பிஸ்டனின் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கும். சூட்டில் உப்பும்போது அந்த வெட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். புதியதில் வெட்டு இல்லை. அதற்கு ஐந்து தௌவுக்குக் குறையாமல் விட வேண்டும். ஐந்தரை விட்டாலும் தவறில்லை.

சிலிண்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் நான் வழக்கமாகச் சிலிண்டர் கடையக் கொடுக்கும் போரிங் பட்டறைக்குப் போனேன். மெஷின்காரர் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, "எவ்ளோ உடணும்ணே?" என்று கேட்டார்.

"ரெண்டரை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது வெட்டு இல்லாத பிஸ்டன்ணே. அஞ்சு தௌவாவது வேணும். ரெண்டரைல புடிச்சிக்கும்."

"ரெண்டரை போதும். நான் ஓட்டி செட் பண்ணிக்கிறேன்."

"நீங்க சொன்னா சரி" என்று அவர் வேலையை ஆரம்பித்தார். என் பேர் அங்கேயும் எட்டியிருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்ஜினைப் பூட்டி, உதைத்தேன். சத்தமே இல்லை. அந்தக் காலத்து வண்டி, குளிர்ந்த இன்ஜின், ஒரு தட்டல் கூட இல்லை. எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் கலங்கியது. நானே ஒரு வாரம் விடியற்காலையில் திண்டிவனம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். மார்கழிப் பனி. முகத்தில் அறையும் குளிர்காற்றில் எந்த இன்ஜினும் ஓடும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் காற்று வசதியாக இருந்தது.

வண்டியைக் கொடுக்கும்போது மாப்பிள்ளை இரண்டு தடவை காதைக் கீழே வைத்துக் கேட்டார். "மச்சான், ஓடுதா இல்லியான்னே தெரியல!" என்றார். அந்தச் சொந்தக்காரர் வீட்டு வழியாகவே வேண்டுமென்று ஓட்டிக்கொண்டு போனதாக மறுநாள் போனில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பத தாண்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன். வெயிலில், கூட்டத்தில், முதல் கியரில் ஊர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால், நான் இடம் விடவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஊருக்கும் டவுனுக்கும் போய்வந்ததோடு சரி. ஒரு தடவைக்கு ஐந்து கிலோமீட்டர் கூட இல்லாத தூரம். எனக்கே அந்த இரண்டரை மறந்துவிட்டது.

பிறகு சித்திரை வந்தது. செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். மூன்று பக்கமும் பாறை மலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பாறைகள் அதைத் திருப்பி ஊர் மேல் ஊதும். அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"ண்ணா, மகளுக்கு பரீட்சை வருது, அம்மனுக்கு வேண்டிக்கின்னு இருக்கேன். ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்குது, நிக்கக் கூட முடியாது போல. அவரு வண்டியில போலாம்னு சொல்றாரு. உன்ன ஒரு வார்த்த கேக்கச் சொன்னாரு. போலாமா?"

கையில் ஸ்பானரோடு நின்றிருந்தேன். அந்த நொடியில் இரண்டரை ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. வெயில், கூட்டம், பின்னால் ஒரு ஆள் எடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"போய்ட்டு வாங்கம்மா. மெதுவா போகச் சொல்லு."

"உனக்கு எதனா வாங்கியாரணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"குங்குமமாவது எடுத்தாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் தங்கை என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

நடந்ததை மாப்பிள்ளை எனக்குப் பின்னால் பல தடவை சொன்னார். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ராத்திரி உற்சவத்துக்கு வருகிற கூட்டம் எதிரே. பஸ்ஸும் வேனும் மாட்டு வண்டியும் ஆட்களுமாக ரோடு அடைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்திருக்கிறார். இன்ஜினின் அனல் காலில் அடிக்க, தங்கை புடவையை இழுத்து முட்டிக்கு அடியில் செருகிக்கொண்டாளாம். கூட்டம் விலகி வளத்தி ரோட்டில் வெட்டவெளி வந்ததும், "கொஞ்சம் காத்து வர மாதிரி போங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் முறுக்கினார். அறுபது கூட இருக்காது என்றார். முதலில் வண்டியின் இழுவை லேசாகக் குறைந்தது. டிராக்டர் ஓட்டிப் பழகிய கை, இன்னும் முறுக்கியது. கீச்சென்று ஒரு சத்தம். பின் சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்று தேய்ந்துகொண்டு போனது. ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த என் தங்கை ரோட்டில் விழுந்தாள். தலை தார் ரோட்டில் மோதியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

எனக்குப் போன் வந்தபோது மணி நாலே முக்கால். செஞ்சி ஆஸ்பத்திரிக்கு நான் போவதற்குள் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரி. தலையில் ஆபரேஷன் செய்தார்கள். பதினொரு நாள் அவள் கண் திறக்கவில்லை. வராந்தாவில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கிளட்ச் புடிச்சிருந்தா தப்பிச்சிருப்பமா மச்சான்? இன்ஜின் புடிச்சா கிளட்ச அமுக்கணும், சக்கரம் தனியா சுத்தும்னு நீங்க ஒரு தடவ சொல்லியிருக்கீங்க. எனக்கு அந்த நேரத்துல தோணல. நான் முறுக்குனேன். முறுக்குனேன் மச்சான்."

"இப்ப அத இன்னாத்துக்குப் பேசிக்கினு" என்றேன். ஆறுதல் சொன்னதுபோல இருந்தது. அவர் தலையை என் தோளில் வைத்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்து என் கடைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு மாதம் தொடவில்லை. ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்ஜினைப் பிரித்தேன். சிலிண்டரைக் கழற்ற மரச் சுத்தியால் தட்ட வேண்டியிருந்தது. பிஸ்டனின் பக்கங்களில், பின் செருகும் துளைக்கு இரு புறமும், நாலு மூலையிலும் அலுமினியம் உருகி வழிந்து இழுபட்டிருந்தது. சிலிண்டர் சுவரில் அதே நாலு இடத்தில் வெள்ளி பூசினதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் இல்லாமல் பிடித்த இன்ஜினின் காயம் வேறு மாதிரி இருக்கும். இது இடம் போதாமல் பிடித்தது. இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவன் எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். அப்படியும் நான் இடைவெளி அளக்கும் தகடுகள் கோத்த ஃபீலர் கேஜை எடுத்துக் கீழ்ப்பக்கத்தில், காயம் படாத இடத்தில் விட்டுப் பார்த்தேன். இரண்டு தௌ தகடு போனது. மூன்று போகவில்லை. எனக்குத் தெரிந்ததையேதான் அளந்தேன். அளந்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வந்தார். பிஸ்டன் பெஞ்சின் மேல் கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி மச்சான்?"

"சூடு" என்றேன். "கூட்டத்துல ரொம்ப நேரம் ஊர்ந்துட்டீங்க. அதுக்கப்புறம் உடனே வேகம். தாங்கல."

ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அவர் பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான்தான்" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை.

தங்கை இரண்டரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வலது கையும் காலும் சொன்னதைப் பாதிதான் கேட்டன. அதைவிடப் பெரிதாகப் போனது பேச்சு. நாம் சொல்வது அவளுக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததுபோல இருந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது ஒரே வார்த்தை, 'தண்ணி'. கதவைச் சாத்தச் சொல்வதற்கும் தண்ணி, மகள் வந்துவிட்டாளா என்பதற்கும் தண்ணி, வலிக்கிறது என்பதற்கும் தண்ணி. நாம் ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் தலையாட்டும்வரை ஊகிக்க வேண்டும். தப்பாக ஊகித்தால் இடது கையால் கட்டிலை அடிப்பாள். அந்தப் பெரிய குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் அந்த ஒரு வார்த்தை தெருமுனை வரை கேட்கும். ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். பயந்து போய் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

என் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் அவளைச் சிங்கவரத்துக்கு நான் கூட்டிப் போவேன். அவள் மருமகன் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒரு நாள் அவர் காபி கொண்டுவந்து வைத்தபோது டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"ஆட்டம் போட்டு என் பொண்ண ஊமையாக்கிட்டு, காபி குடுக்க வந்துட்டான். வேகம் வேணும் வேகம். வேகமா போயி இன்னாத்த கண்ட?"

அவர் சிந்திய காபியைத் துடைத்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். "உடும்மா" என்றேன். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் நான் உண்மைக்குப் பக்கமாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அவர் டிராக்டரை விற்றுவிட்டார். இனி எதையும் ஓட்ட மாட்டேன் என்றார். உடம்பு பாதியாகிப் போனது. ஊரில் சிலர் அவர் குடித்துவிட்டு ஓட்டினதாகக்கூடச் சொன்னார்கள். அவர் குடித்ததே கிடையாது. அதையும் நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. சொன்னால் கடை போய்விடும் என்று பயந்தேனா? கொஞ்சம் பயந்தேன். அம்மா தாங்க மாட்டாள் என்று நினைத்தேனா? அப்படியும் நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஒவ்வொரு வாரமும் சொல்வது முந்தின வாரத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு தப்பைச் சொன்னதாக இருந்திருக்கும். பிறகு அந்தத் தப்போடு அத்தனை வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தை பிறந்து ஒரு காலை, மாப்பிள்ளை ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது நான் தனியாகப் போயிருந்தேன். தங்கை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். அவளால் திரும்பத் திட்ட முடியாது என்பதால்தான் அவளை முதலில் தேர்ந்தெடுத்தேன் என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை. கல்யாண மண்டபத்துச் சிரிப்பிலிருந்து ஆரம்பித்து, ரெண்டரை என்று நான் சொன்னது, மெஷின்காரர் வேண்டாம் என்றது, அவள் போன் செய்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போகச் சொன்னேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வாய் கோணி, உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. "தண்ணி" என்றாள்.

எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். இடது கையால் தள்ளிவிட்டாள். "தண்ணி" என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக. போ என்கிறாளா, பரவாயில்லை என்கிறாளா, ஏன் என்கிறாளா? ஒவ்வொன்றாகக் கேட்டு ஊகிக்கும் தைரியம் எனக்கு இல்லை. எந்தக் கேள்விக்கு அவள் தலையாட்டிவிடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை அரிசிப் பையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், உடம்பு சரியில்லியா? சாப்டீங்களா?" என்றார். வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னேன். அவர் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டார்.

"எவ்ளோ உட்டிருக்கணும்?"

"அஞ்சு. அஞ்சரை."

"நீங்க உட்டது?"

"ரெண்டரை."

"அப்ப நான் கிளட்ச் புடிச்சிருந்தா?"

"தப்பிச்சிருக்கலாம். தெரியல. ஆனா அது புடிச்சதே என்னால."

அவர் பையை இறக்கி வைத்தார். எனக்கு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலையில தப்பு வரும் மச்சான். நானும் டிராக்டர் ஓட்டி அடுத்தவன் வரப்ப ஒடச்சிருக்கேன். சத்தம் வேணாம்னு எனக்கும்தான் ஆச. அத உடுங்க." அரிசிப் பையை வாசல் ஓரமாக நகர்த்தினார். "உங்கம்மா காபிய தட்டி உட்டாங்களே, அன்னிக்கு நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க?"

நான் உள்ளே அந்தச் சுவரைப் பார்த்தேன்.

"பக்கத்துலதான நின்னுட்டு இருந்தீங்க. எட்டு மாசம். நான் ராவெல்லாம் இந்தக் கையப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன். கிளட்ச் புடிக்காத கைன்னு. மருந்து குடிச்சி செத்துடலாம்னு ஒரு நாளு வாங்கிக்கூட வெச்சிட்டேன். அவள யாரு பாத்துப்பாங்கன்னுதான் கொட்டிட்டேன். நீங்க வாரத்துக்கு ரெண்டு நாளு வந்து என் முதுகத் தடவிட்டுப் போனீங்க." குரல் உயரவே இல்லை. "இனிமே எங்கூட்டுக்கு வராதீங்க மச்சான்."

உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது. அவர் உள்ளே போனார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். இதையாவது முழுசாகச் செய்துவிடலாம், அவர் மேலிருக்கும் பழியையாவது இறக்கிவிடலாம் என்றுதான் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே புடைத்தாள்.

"அவன் உன்னக் கூப்டு இப்படிச் சொல்லச் சொன்னானா?"

"இல்லம்மா. நான்தான் தப்பு பண்ணேன்."

"உனக்கு எளகின மனசு. அவன் அழுதிருப்பான், நீ பழிய தூக்கி உன் தலையில போட்டுக்கினு வந்துட்ட. முடி கனத்துல ஒரு ஆளு உழுவாளா? எவன்டா நம்புவான் இத? வேகமா ஓட்டுனான், உழுந்தா. என்கிட்ட வந்து கத சொல்லாத."

பிஸ்டனைக் கொண்டுவந்து காட்டினேன். நாலு மூலைக் காயத்தையும் காட்டினேன். அலுமினியம், இரும்பு, சூடு என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். அவள் அதைக் கையால் கூடத் தொடவில்லை. இன்றுவரை நம்பவில்லை. அவள் சாகும்வரை மருமகனைத்தான் சபிப்பாள். அதை இனி என்னாலும் தடுக்க முடியாது. அந்தப் பிஸ்டனைப் பழைய இரும்புக்காரரிடம் மற்ற சாமான்களோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வெளியே யாரிடமும் சொல்லவில்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. என் கடைக்கு ஆட்கள் வருவது குறையவில்லை. சனிக்கிழமை வண்டிகள் வந்தபடி இருக்கின்றன. அதே பேர் அப்படியே இருக்கிறது. விழுப்புரத்து மெஷின்காரரிடம் மட்டும் நானாகப் போய்ச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார். பிறகு, "நானும்தான்ணே கடைஞ்சேன். நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் தலையிலும் ஒரு பங்கை ஏற்றி வைத்துவிட்டு வந்தது போலாயிற்று. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பது எனக்கு எப்போதும் தலைகீழாகவே வருகிறது.

இப்போது தங்கையை நான் பார்ப்பது பஸ் ஸ்டாண்டில்தான். செவ்வாய்க்கிழமைகளில் கை, கால், பேச்சுப் பயிற்சிக்காக மாப்பிள்ளை அவளை விழுப்புரம் கூட்டிப் போகிறார். ஒன்பதே கால் பஸ். நான் எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரத்தில் நின்றுகொள்வேன். அவர் முதலில் அவள் இடது காலைப் படியில் எடுத்து வைக்கச் செய்வார். பிறகு பின்னால் இடுப்பைத் தாங்கி ஏற்றுவார். பொறுமையாக, அவசரமே இல்லாமல். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருப்பார்.

போன வாரம் பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். வாய் அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அவள் பார்த்த திசையில் திரும்பினார். என்னைக் கண்டதும் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கினார். வெயில் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அதனால்கூட இருக்கலாம். பஸ் போன பிறகு கடைக்கு வந்தேன். வாசலில் புதுச்சேரிக்காரர் ஒருவர் பழைய வண்டியோடு காத்திருந்தார். காலையில் தட்டுகிறது, அந்தச் சத்தம் இல்லாமல் செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அலுமினியத்திலிருந்து ஆரம்பித்தேன்.